கால் டிராக்கிங்: ‘அழைப்புக் கண்காணிப்பு’ வேண்டாமே

வணக்கம்.

எந்த விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்குப் போன் செய்தார்கள் என்று அறியும் முறைதான் கால் டிராக்கிங் (call tracking). அதற்குத் தமிழில் ‘அழைப்புக் கண்காணிப்பு’ என்று போன மடலில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. கேட்டதும் போலீஸ் ஒட்டுக்கேட்கிற நினைப்புதான் வருகிறது. இதில் அழைப்பவரின் பின்னால் யாரும் போவதில்லை. அவரை அழைக்க வைத்தது எந்த விளம்பரம் என்பதுதான் கேள்வி.

கோவையில் என் மைத்துனர் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். பஸ்ஸின் முதுகில் ஒரு எண், நோட்டீஸில் ஒன்று, இணையதளத்தில் ஒன்று. மூன்றும் கல்லாப் பக்கத்தில் இருக்கும் ஒரே போனில்தான் மணியடிக்கும். மாதக் கடைசியில் எந்த எண்ணுக்கு எத்தனை அழைப்பு என்று பட்டியல் எடுத்துவிடுவார். முன்பெல்லாம் ‘கடையைப் பத்தி எப்படிங்க தெரிஞ்சுது?’ என்று வாய்விட்டே கேட்பார். பாதிப் பேர் ‘பேப்பர்ல பார்த்தேன்’ என்பார்கள். பேப்பர் விளம்பரத்தை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது!

போனில் ஆர்டர் எடுக்கும் வழக்கம் வரும் முன்பே, அமெரிக்காவில் தபாலில் சரக்கு விற்றவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் முகவரியில் வேறு வேறு பிரிவு எண் போடுவார்கள். அலுவலகத்தில் அப்படியொரு பிரிவே இருக்காது. கடிதம் எந்தப் பத்திரிகை வழியாக வந்தது என்று காட்டத்தான் அந்த எண்.

ஆக, சொல்லில் ‘வழி’ வரவேண்டும். விளம்பரத்துக்கு விளம்பரம் வேறாகப் போடும் அந்த எண்ணுக்கு முதலில் ‘தட எண்’ என்றுதான் நினைத்தேன். ஆனால் தடம் எண் என்றால் சென்னைக்காரருக்கு 21ஜி பஸ்தான் வந்து நிற்கும். ‘துப்பெண்’ எனக்குப் பிடித்திருந்தது, துப்புக் கொடுக்கிற எண். மைத்துனரிடம் சொன்னேன். ‘துப்புக்கெட்ட எண்ணா, மாப்ளே?’ என்றார். அதோடு விட்டேன்.

என் பரிந்துரை ‘வழியெண்’. கடைக்காரர் வாயிலும் நுழையும்: ‘நோட்டீஸுக்கு வழியெண் போட்டாச்சா?’ செயலைக் குறிக்க ‘அழைப்புவழி அறிதல்’.

அப்புறம், டைனமிக் நம்பர் இன்சர்ஷன். ஒரே இணையப் பக்கம், கூகுள் விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவருக்கு ஒரு எண்ணும் நேராக வந்தவருக்கு வேறொன்றும் காட்டும். ‘இயங்குநிலை எண் செருகல்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் பல்லில் சிக்கும். ‘வழியெண் மாற்றம்’ என்றாலோ கடையே எண்ணை மாற்றிவிட்டதாகப் படும். ‘வழிக்கொரு எண்’ என்று வைத்துப் பார்த்தேன். பேச்சில் நன்றாக இருக்கிறது, மென்பொருள் பட்டியில் (மெனுவில்) ஒரு சொல்லாக நிற்குமா என்பதில்தான் தயக்கம். பட்டிகளைத் தமிழாக்கியவர்கள் சொல்லுங்களேன்.