லைன் வீட்டு இரவுக்கும் மூடுபனிக்கும் ஏற்ற சினிமா கேமரா எது?

கேள்வி (கோத்தகிரி):
அனைவருக்கும் வணக்கம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயையும் மகளையும் பற்றிய ஒன்றரை மணி நேரப் படத்தை, ஐந்து பேர் கொண்ட குழுவுடன் டிசம்பர், ஜனவரி மாதங்களில் எடுக்கவிருக்கிறேன். கதையில் பாதி விடியற்காலைத் தோட்டத்திலும், மீதி இரவில் ஒரே குண்டு பல்பு எரியும் லைன் வீட்டுக்குள்ளும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) நடக்கிறது. பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே ப்ரோ, சோனி எஃப்எக்ஸ்3 ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். நிறத்தில் பிளாக்மேஜிக்கே மேல் என்று பலர் சொல்வதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. மலையில் படமெடுத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (கொடைக்கானல்):
தம்பி, நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். பதிவாகாத இருட்டை எவராலும் மீட்க முடியாது. பாக்கெட் 6கே ப்ரோவின் இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓக்கள் (ஒளி உணர்திறன் அளவுகள்) 400, 3200. எஃப்எக்ஸ்3க்கு, பிறகு நிறம் திருத்துவதற்கென்றே உள்ள எஸ்-லாக்3 பதிவு முறையில் 800, 12800. மேல் அளவுகளுக்கு இடையிலான இந்த இரண்டு ஸ்டாப் வேறுபாடுதான் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), உங்கள் குண்டு பல்பை மட்டும் நம்பி அந்தத் தாயின் முகத்தைக் காட்ட முடியுமா, கூடுதல் விளக்கு வைத்து அந்த வீட்டின் இயல்பைக் கெடுக்க வேண்டியிருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

ஆனால் தோட்டத்தில் நிலைமை மாறும். பூம்பாறைப் பக்கம் நான் எடுத்தபோது, மேகம் விலகிய சில நொடிகளில் வெளிச்சம் பல மடங்கு ஏறிவிடும். பாக்கெட் 6கே ப்ரோவுக்குள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் 2, 4, 6 ஸ்டாப் என்டி ஃபில்டர்கள் இருப்பது அப்போது பெரிய வசதி. எஃப்எக்ஸ்3இல் அது இல்லை என்பதால் லென்ஸின் முன்னால் குறைக்கும் அளவை மாற்றக்கூடிய நல்ல வேரியபிள் என்டி ஒன்று மாட்டியே ஆக வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். உறைபனிக் காலையில் எந்த பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

பதில் (குன்னூர், படத்தொகுப்பு):
சேமிப்புச் செலவை யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். படத்தின் ஒரு நிமிடத்துக்குப் பத்து நிமிடம் என்று எடுத்தால் உங்களுக்குப் பதினைந்து மணி நேரப் பதிவு சேரும். 6கேயில் பிளாக்மேஜிக் ரா வடிவில் 12:1 சுருக்க அளவில், நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், மணிக்கு ஏறக்குறைய 230 ஜிபி. எஃப்எக்ஸ்3இன் 4கே எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ பதிவு வடிவில் நொடிக்கு 240 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 108 ஜிபி. இரண்டு பிரதிகள் வைத்தால் முதலாவதற்கு 7 டிபி, இரண்டாவதற்கு 3 டிபிக்குச் சற்று அதிகம் தேவைப்படும். தொகுக்கப்போகும் கணினியையும் பார்த்து முடிவெடுங்கள்.

எதை வாங்கினாலும் 8 பிட்டில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். மூடுபனி என்பது சாம்பல் நிறத்தின் மிக மெல்லிய படிகள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம், 10 பிட்டில் 1024. நிறம் திருத்தும்போது பனி பட்டை பட்டையாக உடைந்து தெரிவது அந்தப் பற்றாக்குறையால்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி நண்பரே. மனம் மாறிவிட்டது; ஆனாலும் கோவையிலிருந்து இரண்டையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, அதே வீட்டில், அதே பல்பின் கீழ் சோதித்துவிட்டே வாங்குவேன்.

பதில் (கொடைக்கானல்):
சரியான முடிவு, தம்பி. குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் போகும் முன் கேமராவை மூடிய பையில் வைத்து, வெப்பம் சமமாகும் வரை திறக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும். சிலிக்கா ஜெல் இல்லாத பையில் மழைக்காலம் முழுவதும் விட்டுவைத்ததால், நான் ஒரு லென்ஸைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்திருக்கிறேன்.