புதுப்பிப்பு: எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி, வைரஸ் தடமறிதல் – தண்டுவடக் குறிகள் நீங்கின

கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியில் சூடோரேபீஸ் வைரஸைச் (நரம்புகள் வழியே பின்னோக்கி நியூரானுக்கு நியூரான் தாவி, பாதையைக் காட்டும் வைரஸ்) செலுத்தினால் மூளைத்தண்டோடு தண்டுவடத்திலும் நியூரான்கள் குறியேறுகின்றன, மூளைத்தண்டிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் (தன்னியக்க நரம்புகளில் ஒரு வகை) பாதையை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் சென்னையிலிருந்து மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, மேல் கழுத்து நரம்புமுடிச்சை முன்கூட்டியே அகற்றச் சொன்ன யோசனைதான். தண்டுவடத்தோடு தொடர்புள்ள மற்றொரு தன்னியக்க வகையான சிம்பதெடிக் நரம்புகள் அந்த முடிச்சிலிருந்தே சுரப்பிக்கு வருகின்றன. அதை எடுத்ததும் தண்டுவடக் குறிகள் மறைந்தன. முதலில் மூளைத்தண்டில் பாராசிம்பதெடிக் பாதை தொடங்கும் மேல் உமிழ்நீர் உட்கரு (உட்கரு என்பது இங்கே நியூரான்களின் தொகுப்பு) தெரிந்தது. கூடுதல் நேரம் விட்டபோது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் உட்கருவும் பக்கவாட்டுப் பகுதியும் குறியேறின. எவ்வளவு அழகாகத் தெரிந்தது! வைரஸின் அளவைக் குறைப்பது மட்டும் போதவில்லை. கூடுதல் அறுவை என்பதால் விலங்கு நெறிக்குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: சில எலிகளில் முகநரம்பின் இயக்க உட்கருவிலும் குறி. வைரஸ் பக்கத்திலுள்ள டைகாஸ்ட்ரிக் தசைக்கு (இதன் பின்பகுதியை முகநரம்பு இயக்குகிறது) கசிந்தால் இப்படி வரும். அந்த மூளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.