பொருள்: காடசில் – ‘பரம்பரைப் பக்கவாதம்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாள் ஊரில் இல்லை. மூளையின் சிறு தமனிகளைக் கெடுக்கும் மரபணு நோயான காடசிலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் ‘பரம்பரைப் பக்கவாதம்’ என்று ஏறக்குறைய முடிவே ஆகியிருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் வேலூர்ப் பக்கம் பக்கவாதம் என்றால் ஒரு கை, ஒரு கால் இழுத்துக்கொள்வது. குடியாத்தத்தில் எனக்குத் தெரிந்த, காடசில் உள்ள அம்மா ஒருவருக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முப்பது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. அது வருமுன் கண்ணில் மின்னல் கோடுகள். ஐம்பதை நெருங்கும்போது நடை தளர்ந்தது, சீட்டுக் கணக்கு குழம்பியது. மூளைக்குள் சின்னச் சின்ன அடைப்புகள் இருப்பது ஸ்கேனில்தான் தெரிந்தது. அவரிடம் போய்ப் பக்கவாதம் என்றால், “கை காலு நல்லாத்தானே கீது” என்று பி.பி. மாத்திரையை ஓரம் வைத்துவிடுவார்.

‘பரம்பரை’யும் உறுத்துகிறது. இது ஓங்கு மரபணு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் பார்க்க வருகிறவர் காதிலோ ‘குடும்பமே அப்படி’ என்றுதான் விழும்.

1996-இல் இந்த நோய்க்குக் காரணமான நாட்ச்-3 மரபணுவைக் கண்டுபிடித்த காலத்தில் மருத்துவர்கள் கண்டவை பெரும்பாலும் கடுமையாகத் தாக்கப்பட்ட குடும்பங்கள். சோதனை பரவிய பிறகு படம் மாறிவிட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே அச்சில் வார்த்த 34 பகுதிகள் உண்டு. முதல் ஆறில் மாற்றம் இருந்தால் நோய் சீக்கிரம் வருகிறது. ஏழு முதல் முப்பத்துநான்கு வரை என்றால் பொதுவாகத் தள்ளிப்போகிறது, சிலருக்கு முதுமைவரை பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் புகையை விட்டு, ரத்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் பலன் உண்டு. இப்படிப்பட்ட நோய்க்குப் பெயரிலேயே வாதத்தை எழுதிவைப்பானேன்?

என் பரிந்துரை: வழிவரு மூளைச் சிறுதமனி நோய். ‘சிறுதமனி’க்குப் பதில் ‘நுண்குழல்’ என்பதும் அழகுதான், ஆனால் படிப்பவருக்குத் தந்துகி (மிக நுண்ணிய ரத்தக் குழாய்) நினைவுக்கு வரும். இங்கே கெடுவது சிறு தமனிச் சுவரின் மென்தசை. நீளம் என்பீர்கள், சரி. பேச்சில் காடசிலே இருக்கட்டும். விளக்கத் தாளில் ஒருமுறை இது வந்தால் போதும்.

‘வழிவரு’ பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்கள். ‘குடிவழி’ மட்டும் வேண்டாம் ஐயா. சாராயத்தால் வந்த நோய் என்று நினைத்துவிடுவார்கள்.