சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போடுவது நியாயமா?

மாடிப்படி:
வீட்டுக்குப் புதிய மதிப்பீட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. போன முறையைவிட மதிப்பு 40 சதவீதம் கூடுதல். இடையில் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. வீடு அம்மா பெயரில் இருக்கிறது, அவருக்கு வருமானம் ஓய்வூதியம் மட்டும்தான். வரியும் 40 சதவீதம் ஏறினால் எங்கே போவார்? ஆட்சேபணை மனுப் போடலாம் என்று இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
தாராளமாகப் போடுங்கள் சகோ. ஆனால் எதை எதிர்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நோட்டீஸில் இருப்பது மதிப்பு, வரி இல்லை. அந்த மதிப்பை விகிதத்தால் பெருக்கி, சலுகை இருந்தால் கழித்த பிறகு வருவதுதான் வரி.

பல ஊர்களில் விகிதத்தைக் கடைசியில்தான் முடிவு செய்வார்கள். இந்த ஆண்டு சொத்து வரியாக இவ்வளவு வேண்டும் என்று முதலில் பட்ஜெட் போடுவார்கள். அதை ஊரின் மொத்தச் சொத்து மதிப்பால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 10 லட்சம் வேண்டும், மொத்த மதிப்பு 10 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 1 சதவீதம். எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரேயடியாக இரண்டு மடங்கானால் விகிதம் அரை சதவீதம் ஆகும், வரி அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் எல்லாருக்கும் 40 ஏறி உங்களுக்கும் 40 ஏறியிருந்தால் இந்த ஏற்றத்தை வைத்து வாதாட ஒன்றுமில்லை. ஊர் சராசரி 15 ஏறி உங்களுக்கு மட்டும் 40 என்றால்தான் விஷயம் இருக்கிறது. விகிதத்தை மாற்றாமல் வைத்திருக்கும் ஊர் என்றால் கதையே வேறு, அங்கே மதிப்பு ஏறினால் வரியும் கூடவே ஏறும். உங்கள் ஊர் எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள்.

பொதுக்கிணறு:
கணக்கன் ஐயா போட்ட கணக்கிலேயே என் மறுப்பும் இருக்கிறது. வசூலாக வேண்டிய தொகை மாறாது என்றால், மனுப் போட்டு ஒருவர் குறைத்துக்கொண்ட பங்கை யார் கட்டுவது? மனுப் போடாத மற்ற வீட்டுக்காரர்கள்தான். மனுப் போடாதவர்கள் யார் என்று பாருங்கள். நோட்டீஸைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள், விசாரணைக்காக ஒரு நாள் கூலியை விட முடியாதவர்கள், வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் இதுதான் நடந்தது. விலை குறைந்த வீடுகளுக்கு அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் அதிக மதிப்பும், விலை உயர்ந்த வீடுகளுக்குக் குறைந்த மதிப்பும் போடப்பட்டதை சிகாகோ டிரிப்யூன் 2017-ல் விரிவாக வெளிக்கொண்டு வந்தது. மேல்முறையீட்டு முறை அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை, இன்னும் கூட்டியது. வசதியானவர்கள் அதிகமாக மனுப் போட்டார்கள், அதிகமாகக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மதிப்பீட்டு அதிகாரி உட்கட்சித் தேர்தலில் தோற்றார். தனித்தனியாக மனுப் போடுவதைவிட, ஊர் முழுவதையும் ஒழுங்காக மறுமதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்பதுதான் சரி என்பேன்.

கணக்கன்:
குக் கவுண்டியில் நோய்க்குக் காரணம் மனு இல்லை, முதல் மதிப்பீடே கோணல். அதைச் சரிசெய்யும் வரை தவறாக மதிப்பிடப்பட்டவர் கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? சமமாக நடத்தப்படுவது ஒரு சலுகை இல்லையே.

1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது, சூ சிட்டி பிரிட்ஜ் கம்பெனி போட்டது. பாலத்துக்கு முழு மதிப்பும் அந்தப் பகுதியில் மற்ற சொத்துகளுக்கு 55 சதவீதமும் போட்டிருக்கிறார்கள் என்பது கம்பெனியின் வாதம். மற்றவர்களின் மதிப்பை ஏற்றச் சொல்லிப் போராடு என்று கம்பெனியைத் திருப்பி அனுப்புவது பரிகாரமே ஆகாது, முழு மதிப்பு, சமத்துவம் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்றால் சமத்துவம்தான் முதலில் என்று நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்: ஊர் முழுவதும் திருந்தட்டும், அதுவரை பொறு.

மாடிப்படி, இதில் உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. சந்தையில் விற்கும் விலையைவிட மதிப்பு குறைவாகத்தானே போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தெருவில் மற்ற வீடுகளுக்கு விலையில் 70 சதவீதம் போட்டு உங்களுக்கு 90 போட்டிருந்தால் உங்கள் பங்கு அதிகம்தான். சில இடங்களில் இந்தச் சமமின்மையைத் தனிக் காரணமாகவே வாதாட முடியும்.

நிலவளவன்:
நான் ஒரு மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் உள்ளிருந்து சொல்கிறேன். ஆயிரக்கணக்கான வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதில்லை. பரப்பு, கட்டிய ஆண்டு, கட்டுமான வகை, இடம், பயன்பாடு என்று பதிவேட்டில் இருப்பதைச் சூத்திரத்தில் போட்டால் மதிப்பு வந்துவிடும். பதிவு தப்பாக இருந்தால் மதிப்பும் தப்பு, அவ்வளவுதான். திறந்த மாடியைக் கட்டிய பரப்பில் சேர்த்திருப்பார்கள். இடித்த கொட்டகை பதிவேட்டில் இன்னும் நிற்கும். பழைய வீட்டுக்குப் புதுப்பித்த ஆண்டைக் கட்டிய ஆண்டாகப் போட்டுவிட்டால் தேய்மானக் கழிவு போய்விடும். குடியிருப்பு கடையாகப் பதிவாகியிருப்பதும் உண்டு, அதுதான் மதிப்பை மோசமாக ஏற்றிவிடும்.

அதனால் மனு எழுதும் முன் உங்கள் வீட்டுப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அளவு நாடாவை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். அளவு தப்பு என்றால் வரைபடத்தோடு காட்டினாலே போதும், பல நேரம் விசாரணை வரைக்கும் போகாமலே திருத்திவிடுவார்கள். "வரி தாங்க முடியவில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதும் மனுவில் இரக்கப்படலாமே தவிர, திருத்துவதற்கு அதிகாரிக்கு அதில் எதுவும் கிடைக்காது. அம்மாவின் கஷ்டத்துக்கு வேறு கதவு இருக்கலாம். மூத்த குடிமக்களுக்கான கழிவு, தள்ளிவைத்துக் கட்டும் வசதி எல்லாம் இருந்தால் அவற்றுக்கு விண்ணப்பம் தனி. அதையும் கேளுங்கள்.

பொதுக்கிணறு:
நிலவளவன் ஐயா சொல்லும் பதிவுத் திருத்தத்தில் எனக்குச் சண்டையே இல்லை. இல்லாத அறைக்கு யாரும் வரி கட்டக் கூடாது. நான் எதிர்ப்பது பேரத்தை. தெருவில் விற்ற வீடுகளில் மலிவாகப் போன மூன்றை மட்டும் பொறுக்கியெடுத்து நீட்டுவது மதிப்பைத் திருத்துவது ஆகாது.

மாடிப்படி:
எதிர் வீடு போன வருடம் நல்ல மலிவு விலைக்குப் போனது, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டலாமா?

நிலவளவன்:
எடுபடாது தம்பி. உறவுக்குள் கைமாறியது, வங்கி ஏலத்தில் போனது, அவசரத்துக்குத் தள்ளிவிட்டது எதையும் பொதுவாகச் சந்தை விலையாக எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பீட்டுக்கு என்று ஒரு தேதி குறித்திருப்பார்கள். அதற்கு நெருங்கிய காலத்தில், முன்பின் தெரியாத இருவருக்கிடையில் நடந்த விற்பனையாகப் பாருங்கள். பரப்பிலும் வயதிலும் உங்கள் வீட்டைப் போலவே இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு விழுந்த சுவர் விரிசலின் படம் அடுத்த மதிப்பீட்டுக்குத்தான் உதவும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சில இடங்களில் மனுப் போட்டால் மதிப்பு ஏறவும் செய்யலாம். இங்கிலாந்தில் வீடுகளை மதிப்புப்படி பல படிகளாகப் பிரித்துக் கவுன்சில் வரி என்ற உள்ளாட்சி வரி போடுவார்கள். அந்தப் படிநிலையை எதிர்த்தால் உங்கள் படி உயரலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதும் உயரலாம். பதிவேட்டில் ஏறாத அறை ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் மனுவுக்கு முன்னால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

தென்திண்ணை:
இவ்வளவு வம்பு எதற்கு? வாங்கிய விலையோடு மதிப்பை நிறுத்திவிட்டால் என்ன? கலிபோர்னியாவில் 1978 முதல் அப்படித்தானே. வீடு கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, அடிப்படை விகிதம் 1 சதவீதம். மாடிப்படியின் அம்மா மாதிரி இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

பொதுக்கிணறு:
பழைய வீட்டுக்காரருக்கு நிம்மதிதான். போன மாதம் வாங்கி வந்தவர், அதே மாதிரி வீட்டுக்குப் பக்கத்து வீட்டைப் போலப் பல மடங்கு கட்டுவார். இங்கிலாந்தில் இன்னும் 1991 ஏப்ரல் விலையை வைத்துத்தான் கவுன்சில் வரிப் படிநிலை நிற்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பகுதி ஏறியது, எந்தப் பகுதி தேய்ந்தது என்று கணக்கில் வருவதே இல்லை. மதிப்பீட்டை எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ அவ்வளவு பேர் தவறான பங்கைக் கட்டுகிறார்கள். நான் கேட்பது அடிக்கடி நடக்கும் மறுமதிப்பீடு, அதன் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிவது. அப்படி இருந்தால் மனுப் போடத் தெரியாதவருக்கும் நியாயம் கிடைக்கும்.

கணக்கன்:
அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்காக மாடிப்படியின் மனுவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பதிவுகள் தப்பு என்று காட்டும் மனுக்கள் குவிந்தால் மறுமதிப்பீடு கேட்பவருக்கும் அவைதானே ஆதாரம்?

பொதுக்கிணறு:
குவிந்தால் சரி. குக் கவுண்டியிலும் மனுக்கள் குவியத்தான் செய்தன, எந்தப் பக்கத்திலிருந்து குவிந்தன என்பதுதான் என் கவலை. மாடிப்படி, நகல் எடுக்கப் போகும்போது மனு எழுதத் தெரியாத அக்கம்பக்கத்தாரின் பதிவையும் கேட்டுப் பார்க்க அவர்களுக்கு உதவுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் மனுவுக்கு என் எதிர்ப்பு இல்லை.

மாடிப்படி:
செய்கிறேன் ஐயா. கீழ் வீட்டுப் பாட்டிக்கும் இதே நோட்டீஸ் வந்திருக்கிறது. மனு நிலுவையில் இருக்கும்போது பில் வந்தால் கட்டாமல் வைத்திருக்கலாமா?

நிலவளவன்:
வேண்டாம். பெரும்பாலும் மனுப் போட்டதால் வசூல் நிற்காது, வட்டியும் அபராதமும் ஏறும். சில இடங்களில் வரியைக் கட்டியிருந்தால்தான் மேல்முறையீட்டையே எடுப்பார்கள். ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஜெயித்தால் திருப்பித் தருவார்கள், அல்லது அடுத்த பில்லில் கழிப்பார்கள். கெடு நோட்டீஸிலேயே இருக்கும், பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். நகல் வரத் தாமதமானால் ஆதாரம் பிறகு தருகிறேன் என்று எழுதியாவது மனுவைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். கெடு தாண்டினால் அளவு தப்பாக இருந்தாலும் இந்த ஆண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.