கோயில் சுவரோவியத்தை ஆய்வில் எப்படிக் குறிப்பிடுவது?

முல்லை மாணவி:
இறுதி வருட ஆய்வுக்கு முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்க்கோயில்களின் சுவரோவியங்களை எடுத்திருக்கிறேன். படங்கள் நானே ஃபோனில் எடுத்தவை. ஒப்பிடுவதற்கு பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்த சுவரோவியம் ஒன்றை இணையத்தில் இருந்து எடுத்தேன். துறையில் ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையின் 7ஆம் பதிப்புத்தான் கேட்கிறார்கள். ஊர்க்கோயில் ஓவியத்தில் கையெழுத்தும் இல்லை, தலைப்பும் இல்லை. என்ன எழுதுவது? மற்றதற்கு "கூகிள்" என்று போட்டால் போதுமா?

வவுனியா வாசகன்:
கூகிள் என்று போட வேண்டாம் தங்கச்சி, அது தேடித் தருகிறதே தவிர படம் அங்கே இல்லை. படம் இருக்கிற பக்கத்துக்கே போய் வரைந்தவர், ஃபோட்டோ எடுத்தவர் இரண்டு பேரையும் பாருங்கள், விக்கிமீடியா கொமன்ஸ் என்றால் உரிம விவரமும் அதிலேயே இருக்கும். ஏபிஏயில் படத்துக்கு மேலே "உரு 1" தடித்த எழுத்தில், அடுத்த வரியில் தலைப்பு சாய்வெழுத்தில், கீழே "குறிப்பு" என்று தொடங்கி மூலமும் உரிமையும் வர வேண்டும். உசாத்துணையில் ஓவியர், ஆண்டு, தலைப்பு, சதுர அடைப்புக்குள் ஓவிய வகை, பிறகு அது இருக்கிற இடம். தலைப்பு இல்லையென்றால் உங்கள் விவரிப்பைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், ஓவியரும் தெரியாவிட்டால் அதுவே முன்னுக்கு வரும். நீங்கள் எடுத்த படம் என்பதைக் குறிப்பில் சொன்னால் சரி.

கிளிநொச்சி அக்கா:
பிள்ளை, ஓவியர் தெரியாது என்று எழுத முன் கோயில் பரிபாலன சபையில் கேளுங்கோ. கும்பாபிஷேக மலர் இருந்தால் கடைசிப் பக்கங்களில் நன்றி சொல்லும் இடத்தைப் பாருங்கோ, வர்ணம் தீட்டியவர் பெயர் அதில் இருக்கலாம். கோயிலில் மலர் இல்லாவிட்டால் 'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தில் தேடுங்கோ. 2009க்குப் பிறகு திருத்திய கோயில் என்றால் வரைந்த ஆள் பக்கத்து ஊரிலேயே இருக்கக்கூடும், நேரே போய்க் கதைக்கலாம். அப்படிக் கேட்டு அறிந்ததை உசாத்துணைப் பட்டியலில் போடுவதில்லை, கட்டுரைக்குள்ளேயே தனிப்பட்ட தொடர்பு என்று திகதியோடு எழுதுங்கோ. இடம்பெயர்வில் எங்கட ஊர்களில் எவ்வளவோ பதிவுகள் போய்விட்டன. உங்கட ஆய்விலாவது அந்த மனிதரின் பெயர் இருக்க வேண்டும்.

முல்லை மாணவி:
நன்றி அக்கா, சபைத் தலைவரிடம் கேட்கிறேன். கோதமி விகாரைப் படத்துக்கு அனுமதி வேண்டுமா அண்ணா?

வவுனியா வாசகன்:
கீற் இறந்தது 1993இல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருடங்கள் உரிமை இருக்கும், அதாவது 2063 வரை. ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு ஏற்கிறது, அதனால் பரீட்சைக்குக் கொடுக்கிற ஆய்வேட்டில் மூலத்தைச் சரியாகக் காட்டினால் போதும். சஞ்சிகையில் வெளியிடுகிற எண்ணம் இருந்தால் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், பதில் வர நாள் எடுக்கும், இப்பவே எழுதிப் போடுங்கள்.