ஒன்றரை மணி நேரத்தில் பெங்களூராம்!

ராயக்கோட்டைக்காரன்:
நேத்து ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து வேலை மாறி கிருஷ்ணகிரி வந்து ரெண்டு மாசம் ஆகுது, கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, ராத்திரி தூக்கமில்லை, கையைக் கடிக்காத பல் டாக்டர் யாராவது உண்டான்னு. அதுக்கு ஓசூர்_பழசு சொன்ன பதிலை அப்படியே போடறேன்: "இந்தப் பக்கம் பல்லுக்கு எவனையும் நம்பாதீங்க. பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல பெங்களூரு. கோட்டைகிட்ட கவர்ன்மென்ட் டென்டல் காலேஜ் இருக்கு. கால்வாசிக் காசுல முடியும்."

ஒன்றரை மணி நேரமா? எந்த பஸ்ல? எந்த வருஷத்துல? கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். சூளகிரி தாண்டி, ஓசூர் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சு, அத்திப்பள்ளியில ஊர்ந்து, சில்க் போர்டுல தவம் கிடந்து, அப்புறம் கோட்டைக்கு இன்னொரு பஸ். வீங்கின கன்னத்தோட இருக்கிறவன்கிட்ட சொல்ற பேச்சா இது?

ஓசூர்_பழசு:
நான் எழுதினது நாலு வரி. அதுல ஒரு வரியைப் பிடிச்சுத் தொங்கறீங்க. 22 வருஷமா அந்த ரோட்டுல போய் வர்றவன் நான். காலையில அஞ்சு மணிக்கு ஏறிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

ராயக்கோட்டைக்காரன்:
அஞ்சுக்கு ஏறி ஆறரைக்கு இறங்கி, ஓ.பி. திறக்கிற வரைக்கும் கே.ஆர். மார்க்கெட்டுல சாமந்திப்பூ வெலை கேட்டுட்டு உட்காரணுமா?

புதுசா_வந்தவன்:
அண்ணா, கேட்டவன் நான்தான். சண்டை வேண்டாம். பக்கத்துல ஒரு கிளினிக்ல வேர் சிகிச்சைக்கு, அதான் ரூட் கெனாலுக்கு, 4,000 சொல்றாங்க, பல்லு மேல மாட்டற உறை, கேப், தனியாம். அது நியாயமான காசா?

மாங்கா_மண்டி:
தம்பி, மொத்தமா எவ்வளவுன்னு கேட்காதீங்க. பிரிச்சுக் கேளுங்க. எக்ஸ்ரே எவ்வளவு, வேர் சிகிச்சை எவ்வளவு, அதுக்கு மேல அடைக்கிறது எவ்வளவு, கேப் எவ்வளவு. கேப்லயே வெறும் உலோகம் ஒரு விலை, செராமிக் பூசினது ஒரு விலை, ஜிர்கோனியா ஒரு விலை. கடைவாய்ப் பல்லு, சிரிச்சாலும் யாருக்கும் தெரியாது. உலோகமே போதும்னு நீங்களே சொல்லலாம். சொல்லலைன்னா விலை கூடினதைத்தான் முதல்ல காட்டுவாங்க.

ராயக்கோட்டைக்காரன்:
இதுதான் பதில். இதுல எங்கேயாவது ஒன்றரை மணி நேரம் வருதா?

ஓசூர்_பழசு:
மண்டிக்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனா காசு எங்கே கம்மி? அதைச் சொல்லலையே. என் மச்சானுக்கு இங்கே மூணு பல்லுக்குச் சொன்ன காசுல பெங்களூரு காலேஜ்ல வாய் முழுக்க முடிச்சோம். பி.ஜி. படிக்கிற பசங்க பண்றாங்க, பக்கத்துல புரொபசர் நிக்கறார். என்ன தப்பு?

ராயக்கோட்டைக்காரன்:
தப்பே இல்லை. எத்தனை தடவை போனீங்க? அதைச் சொல்லுங்க.

ஓசூர்_பழசு:
ஆறு தடவை.

ராயக்கோட்டைக்காரன்:
ஆறு தடவை! ஆறு நாள் சம்பளம், ஆறு நாள் பஸ் காசு, கூட நீங்க போனது வேற. அதெல்லாம் எந்தக் கணக்குல எழுதினீங்க? என் கதையைக் கேளுங்க. மூணு வருஷம் முந்தி நானும் இந்த மாதிரி ஒரு புத்திமதியைக் கேட்டுப் பெங்களூருல ஒரு இடத்துக்குப் போனேன். முதல் நாள் பல்லைத் தோண்டி நரம்பு எடுத்து, தற்காலிகமா வெள்ளை மாவு மாதிரி ஒண்ணை அடைச்சு, பத்து நாள் கழிச்சு வான்னு அனுப்பினாங்க. வர்ற வழியில அத்திப்பள்ளி நெரிசல். ஜன்னல்கிட்ட வறுத்த கடலை வித்தாங்க. அந்தப் பக்கமா மெல்லக் கூடாதுன்னு தெரியும், பசி கேக்கலை. நாலாவது கடலையில அந்த மாவு அப்படியே பெயர்ந்து நாக்குக்கு வந்துடுச்சு. ஓட்டைக்குள்ள காத்து போற சத்தம் எனக்கே கேட்டுச்சு. இறங்கித் திரும்பப் போகவா, வீட்டுக்குப் போகவா? கைக்குட்டையை வாயில அமுக்கிட்டு ராயக்கோட்டை வந்து சேர ராத்திரி ஒன்பது. உள்ளூர்ல டாக்டர் இருந்தா சைக்கிள்ல போய் மறுபடி அடைச்சுட்டு வந்திருப்பேன்.

பென்னாகரத்தான்:
கடலை தின்னா ஓட்டை விழத்தான் செய்யும். களி சாப்பிட வேண்டியதுதானே? பல்லு வலிக்குக் களியை மிஞ்சின சாப்பாடு கிடையாது, உருட்டி விழுங்கினா தொண்டையில இறங்கிடும். மெல்றவன் களி சாப்பிடத் தெரியாதவன்.

காவிரிக்கரை_அக்கா:
😂 அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு.

ஓசூர்_பழசு:
களி பெருமை பேசறவங்க முதல்ல தங்களோட பல்லைக் கண்ணாடியில பார்க்கட்டும். தருமபுரி தண்ணியில ப்ளோரைடு, எல்லார் பல்லும் பழுப்பு. அதனாலதான் சொல்றேன், இந்தத் தம்பியும் சீக்கிரம் ஒரு நல்ல இடத்துல காட்டிக்கட்டும். ரெண்டு வருஷம் இந்தத் தண்ணி குடிச்சா அவர் பல்லும் அப்படித்தான் ஆகும்.

பென்னாகரத்தான்:
வாயை அளந்து பேசுங்க. பல்லுல அந்தப் பழுப்பு வர்றது பல்லு உருவாகுற வயசுல, அதாவது ஈறுக்குள்ள எனாமல் கட்டிக்கிட்டு இருக்கிற சின்ன வயசுல, ப்ளோரைடு கூடின தண்ணி குடிச்சவங்களுக்குத்தான். முப்பது வயசுல தூத்துக்குடியிலிருந்து வந்தவருக்குப் பல்லுல பழுப்பு ஏறாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் நம்ம நாட்டு அளவு, வேற தண்ணி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும். எங்க ஊர் போர்த் தண்ணி அதைத் தாண்டினது உண்மை. நான் 1986. என் முன்பல் ரெண்டுலயும் காபி கொட்டின மாதிரி கோடு இருக்கு, தேய்ச்சா போகாது, கல்யாணப் போட்டோவுல வாயை மூடிட்டு நிக்கறேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2008-ல ஆரம்பிச்சு 2013-ல தண்ணி வந்துச்சு. என் பொண்ணு அதுக்கப்புறம் பொறந்தவ. அவ பல்லு மல்லிகை மொட்டு.

ஓசூர்_பழசு:
தண்ணி தினமும் வருதா, அதைச் சொல்லுங்க.

காவிரிக்கரை_அக்கா:
எங்க தெருவுல நாலு நாளைக்கு ஒரு தடவை. நடுவுல போர்த் தண்ணிதான். அதையும் எழுதுங்க பென்னாகரம்.

பென்னாகரத்தான்:
அக்கா, நீங்க யார் பக்கம்?

ராயக்கோட்டைக்காரன்:
தண்ணி கதைக்குத் தனியா பேசிக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு இன்னும் பதில் வரலை. பழசு நழுவறார்.

மாங்கா_மண்டி:
தருமபுரிக்காரங்க எப்பவும் இப்படித்தான், கேள்வி கிருஷ்ணகிரியில, பதில் ஒகேனக்கல்ல.

பென்னாகரத்தான்:
2004 பிப்ரவரி வரைக்கும் நீங்களும் தருமபுரி மாவட்டம்தான் சார். பிரிஞ்சு போய் என்ன கண்டீங்க? மாவட்டத் தலைநகருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டா? அந்தத் தம்பி தருமபுரியில குடிவந்திருந்தா ரயில்லயே பெங்களூரு போயிருப்பார்.

மாங்கா_மண்டி:
வெள்ளைக்காரன் காலத்துலயே திருப்பத்தூர்லேருந்து எங்களுக்குச் சின்ன ரயில் ஓடுச்சு. வரலாறு தெரிஞ்சா பேசுங்க.

பென்னாகரத்தான்:
ஓடுச்சு. இப்ப எங்கே?

ஓசூர்_பழசு:
பாருங்க, பென்னாகரமே பெங்களூருக்கு ரயில்ல போகலாங்கறார். நான் சொன்னா மட்டும் குத்தம்.

புதுசா_வந்தவன்:
அண்ணா, இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்கே போயிட்டேன். காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கினேன், எனக்கு முன்னாடி பதினாலு பேர். பார்த்த டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்துட்டு, காப்பாத்தலாம், பிடுங்க வேண்டாம்னாங்க. திறந்து மருந்து வெச்சிருக்காங்க. காசு வாங்கலை. செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொன்னாங்க. கேப் மட்டும் வெளியே போட்டுக்கணுமாம். கேப் போடாமலே விட்டுடலாமா? வலி இப்பவே நின்னுடுச்சு.

மாங்கா_மண்டி:
விட்டுடாதீங்க. நரம்பு எடுத்த கடைவாய்ப் பல்லு சுவரை மட்டும் விட்டு உள்ளே காலி பண்ணின வீடு மாதிரி. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது நெடுக்கப் பிளந்துச்சுன்னா அப்புறம் பிடுங்கறதைத் தவிர வழியில்லை. வலி நின்னுதுன்னு செவ்வாய்க்கிழமை போகாம இருந்துடாதீங்க, அதுதான் நிறைய பேர் செய்யற தப்பு.

காவிரிக்கரை_அக்கா:
அப்படியே பல் சுத்தமும் பண்ணிக்கோங்க தம்பி.

மூக்குக்கண்ணாடி:
சுத்தம் பண்ணினா பல்லு ஆடும். எங்கப்பாவுக்கு ஆடுச்சு.

காவிரிக்கரை_அக்கா:
அப்பாவுக்கு ஏற்கெனவே ஈறு கரைஞ்சு பல்லு ஆடிட்டுத்தான் இருந்திருக்கும். பல்லுல கெட்டியாப் படிஞ்ச அழுக்குக் காரைதான் பல்லை ஆடாம நிறுத்தி வெச்சிருக்கும், அந்தக் காரையை எடுத்ததும் தெரிஞ்சிருக்கு.

மூக்குக்கண்ணாடி:
எங்கப்பா பல்லு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ராயக்கோட்டைக்காரன்:
எல்லாரும் கவனிங்க. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில, ஒரு பைசா இல்லாம, அரை நாள்ல வலி நின்னிருக்கு. "இந்தப் பக்கம் எவனையும் நம்பாதீங்க"ன்னு எழுதினவர் அந்த டாக்டரம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கணும்.

ஓசூர்_பழசு:
நான் சொன்னது தனியார் கிளினிக்கை. அரசு ஆஸ்பத்திரியை ஒரு வார்த்தை சொல்லலை. கேப் வெளியேதான்னு அவரே எழுதியிருக்கார் பாருங்க. அந்த கேப்புக்கு நாளைக்கு எங்கே போவார்? பெங்களூரு.

ராயக்கோட்டைக்காரன்:
"எவனையும்"னா எல்லாரும்தான். சரி, விடுங்க. நான் ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல பஸ் ஏறப் போறேன். ஏறின நேரம், இறங்கின நேரம், ரெண்டையும் டிக்கெட்டோட போடறேன்.

ஓசூர்_பழசு:
ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்தவங்க மொத்தமும் திரும்பிப் போவாங்க. அன்னைக்கு மூணு மணி நேரம் ஆகும்னு குழந்தைக்கும் தெரியும். புதன்கிழமை ஏறுங்க.

ராயக்கோட்டைக்காரன்:
காலையில ஏறப் போறேன்யா. அது இருக்கட்டும், மூணு மணி நேரம் ஆகும்னு நீங்களே எழுதிட்டீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன்.

ஓசூர்_பழசு:
ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு எழுதினேன். அதையும் சேர்த்து எடுங்க.

பென்னாகரத்தான்:
ரயில்ல போங்க ரெண்டு பேரும்.