மறதி நோயில, சாயங்காலமானா "வீட்டுக்குப் போகணும்"னு கிளம்புறவங்க: பார்த்ததைச் சொல்லுங்க

திருச்சி நர்ஸ்
மஞ்சப்பையில ரெண்டு புடவை, ஒரு சீப்பு. பாட்டி வாசப்படியில நிக்கிறாங்க, "பஸ் போயிரும்". மகன் கதவை மறிச்சு, "இதுதாம்மா உங்க வீடு"ன்னதும் பளார்னு ஒரு அறை. மருமக பக்கத்துல வந்து, "அத்தை, உங்க வீட்டுல எத்தனை மாடு?"ன்னு கேட்டா. செவலை, கருப்பின்னு பேரு சொல்லிக்கிட்டே உள்ள வந்து உட்கார்ந்துட்டாங்க. இப்போ அங்க அஞ்சு மணிக்கே, இருட்டுக்கு முன்னாடி, எல்லா லைட்டும் போட்டுருவாங்க. ஜன்னலுக்குத் திரை. இல்லைன்னா கண்ணாடியில தெரியுற தன் உருவத்தையே வேற ஆளுன்னு பயப்படுவாங்க. மதியத்துக்கு மேல காபி கிடையாது.

மருந்துக்கடை
எல்லாத்தையும் சாயங்காலக் குழப்பம்னு தள்ளிராதீங்க. அல்சைமர்ங்கிற மறதி நோய் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல முத்தும். ரெண்டே நாள்ல தலைகீழாச்சுன்னா சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வத்தினது, இல்ல புது மருந்துன்னு தேடணும். ஒரு பெரியவர் சுவத்துல இல்லாத எறும்பைப் பொறுக்கினார். காரணம், சளிக்குன்னு வாங்கின குளோர்பெனிரமின். அல்சைமருக்குக் கொடுக்குற டோனெபெசில், ஞாபகத்துக்கு வேணுங்கிற அசிடைல்கோலின்ங்கிற ரசாயனத்தை மூளையில கூட்டப் பார்க்கும், இந்தச் சளி மாத்திரை அந்த ரசாயனத்தோட வேலையவே மறிக்கும். டாக்டர்கிட்ட போகும்போது இருமல் மருந்து உட்பட எல்லா அட்டையையும் அள்ளிட்டுப் போங்க.

ஹோம்கேர் மதுரை
மாத்திரைக்குப் பதிலா ரிவாஸ்டிக்மின்ங்கிற அல்சைமர் மருந்தைத் தோல்ல ஒட்டுற பட்டையா (patch) போடுற வீடுகளுக்கு: வாந்தி, தலைசுத்தல்னு கூப்பிட்டாங்க, சட்டையைக் கழட்டினா முதுகுல ரெண்டு பட்டை! நேத்து ஒட்டினதை யாரும் எடுக்கலை. 24 மணி நேரத்துக்கு ஒண்ணுதான். பழசை உரிச்சிட்டுப் புதுசை வேற இடத்துல ஒட்டணும், அதே இடத்துக்கு 14 நாள் கழிச்சுத்தான் திரும்பலாம். ஒட்டின நேரத்தைக் காலண்டர்ல குறிங்க. மூணு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா பழைய அளவை அப்படியே ஒட்டாதீங்க, டாக்டரைக் கேட்டு, ஆரம்ப அளவான 4.6 மி.கி. பட்டையிலேருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.

கோவை மாமா
பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட மாட்டுக் கதை கேட்கிறது ஏமாத்து வேலை இல்லையா?

அது கிடக்கட்டும், குளியலைப் பத்தி யாரும் பேசலையே. எடுத்ததும் தலையில தண்ணி ஊத்தாதீங்க, எங்கிருந்து விழுதுன்னு புரியாம அலறுவாங்க. ஸ்டூல்ல உட்கார வச்சு, சொம்பைக் கையில கொடுத்து, பாதத்துல தொடங்கி மேல வாங்க. தோள்ல துண்டு கிடக்கட்டும், அதுக்கு மேலயே ஊத்தலாம், கூச்சமும் குளிரும் குறையும். வெந்நீரை உங்க முழங்கையால பாருங்க, சுடுதுன்னு அவங்களுக்குச் சொல்ல வராது. வெள்ளைத் தரையில வெள்ளை ஸ்டூல் கண்ணுல படாது, சிவப்பு வாங்குங்க. பாத்ரூம் தாழ்ப்பாளை உள்பக்கம் கழட்டிருங்க. தலைக்குக் குளிக்கிறது தனி நாள். முரண்டு பிடிச்சா அரை மணி நேரம் விட்டுக் கூப்பிடுங்க, இல்ல ஈரத்துணியால துடைச்சா போதும், தினமும் குளிச்சே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

திருச்சி நர்ஸ்
மாமா, பஸ் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லையே. மாட்டைத்தான் கேட்டா.

தென்காசி
அந்த மஞ்சப்பையை ஒளிச்சு வச்சிரலாமா?

திருச்சி நர்ஸ்
வேண்டாம். காணோம்னா திருட்டுப் போச்சுன்னு மருமக மேலதான் பழி விழும். கண்ணுக்குத் தெரியுற ஆணியிலயே தொங்கட்டும். உள்ள பேரும் போன் நம்பரும் எழுதின சீட்டு ஒண்ணு போட்டு வைங்க.